உக்காவும் உக்கிராணமும்

அவர் பெயர் எனக்குத் தெரியும். பதிவேட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை எழுதியதில் நடந்ததே போதும். எல்லோரும் அவரை உக்காக்காரர் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

உக்கா என்பது தண்ணீர் வழியாகப் புகை இழுக்கிற சாதனம். கீழே தண்ணீர்க் குடுவை, மேலே நெருப்பும் புகையிலையும் வைக்கிற சிலும்பி, பக்கத்தில் பாம்பு மாதிரி நீண்ட குழாய். புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த நாளில் விருந்தினர் மாளிகை ஒன்றில் அப்படி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தார். குடிக்கத்தான் ஆள் இல்லை. முப்பதுகளின் நடுவில் நான் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷத்தில் மூன்று தடவைதான் அதில் நெருப்பு ஏறிப் பார்த்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் சிகரெட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். ஆனாலும் அவர் தினமும் காலையில் குடுவைத் தண்ணீரை மாற்றுவார். குழாயை உதறிச் சுருட்டி வைப்பார். அதோடு வேலை முடிந்தது. உத்தியோகத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. எனக்குப் பக்கத்து மேஜைக்காரருக்கு அந்த வேலையும் கிடையாது.

அந்தத் தொழில் ஒழிந்ததில் எனக்குத் துக்கம் இல்லை. புகை புகைதான், தண்ணீர் வழியாக வந்தாலும். நான் சொல்ல வந்தது அவருடைய வாயைப் பற்றி. ஒருவர் தப்பாக ஒன்றைச் சொல்லி, அது அவர் காதில் விழுந்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. "அப்படி இல்லீங்க" என்பார். அதட்டலாக இல்லை. பக்கத்து இலையில் கிடக்கிற முடியை எடுத்துப் போடுகிற மாதிரி, மெதுவாக, துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு. திவான் ஆனாலும் சரி, தோட்டக்காரன் ஆனாலும் சரி, குரல் ஒன்றுதான்.

ரங்கூனிலிருந்து வந்த வியாபாரி வீட்டுப் பிள்ளை ஒருவர் மாளிகையில் நான்கு நாள் தங்கினார். உக்காவோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். போட்டோக்காரர் வந்து, முக்காலியை நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாயிற்று. வியாபாரிப் பிள்ளை குழாய் நுனியை வாயில் வைத்துக்கொண்டு கம்பீரமாகப் பார்த்தார்.

"அப்படி இல்லீங்க" என்றார் உக்காக்காரர். "சிலும்பி காலியா இருக்குதுங்க."

"அதனால என்னய்யா? போட்டோவுல நெருப்பா தெரியப்போவுது?"

"நெருப்பில்லாம வாயில வச்சா அது உக்கா இல்லீங்க. நாயனம்."

கறுப்புத் துணி குலுங்கியது. போட்டோக்காரர் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கரி மூட்டி, புகையிலையை வெல்லம் போட்டுப் பிசைந்து, சிலும்பியில் வைத்து ஊதி முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது. படத்தில் வியாபாரிப் பிள்ளையின் முகம் கரிக்கட்டை. உக்கா மட்டும் பளிச்சென்று இருந்தது. "நல்லா விழுந்திருக்குதுங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார் இவர். அந்தப் பிள்ளை மறுநாளே கிளம்பிவிட்டார்.

இன்னொரு தடவை, குடுமியான்மலையில் பாறையில் வெட்டியிருக்கும் சங்கீதக் கல்வெட்டைப் பார்க்க வெளியூர்ப் பண்டிதர் ஒருவர் வந்தார். சமஸ்தான விருந்தாளி. இரண்டு ஆட்களோடு இவரையும் துணைக்கு அனுப்பினார்கள், கூஜா தூக்க. பண்டிதர் பாறைக்கு முன்னால் நின்று கண்ணை மூடி, அந்தக் காலத்து அரசன் மாலை வேளையில் உக்காவை இழுத்துக்கொண்டு இந்த ஸ்வரங்களைக் கேட்டு ரசித்த காட்சியை வர்ணித்தார். கூட வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். கூஜாக்காரர் ஆட்டவில்லை.

"அப்படி இல்லீங்க. இதை வெட்டுனப்போ பொகையிலையே இந்தப் பக்கம் வரலைங்க. அது பறங்கி கப்பல்ல வந்த சரக்குங்க. நடுவுல எட்டு நூறு, ஒம்பது நூறு வருஷம் கெடக்குங்க."

பண்டிதர் கண்ணைத் திறந்தார். உக்காக்காரர் சொன்னது சரி. அதுதான் தொந்தரவே. திரும்பி வந்ததும் சூப்பரின்டெண்டு இவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏய்யா, பெரிய மனுஷன் பேசுறப்ப குறுக்க விழுந்தியாமே?"

"தப்பாச் சொன்னாருங்களே."

"தப்பாச் சொன்னா ஒனக்கென்னய்யா?"

உக்காக்காரர் வெகுநேரம் யோசித்தார். கேள்வி என்ன என்பதே அவருக்குப் புரியவில்லை என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவு விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்றால், பரம்பரைதான். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் திருச்சிப் பட்டாள முகாமில் கம்பெனிக் கப்பித்தான் ஒருவருக்கு உக்கா தூக்கியவராம். கதை வழிவழியாக வந்தது. வடக்கே மொகலாய பாதுஷாவின் சபைக்குப் புகையிலை வந்தபோது, நேரே இழுத்தால் கெடுதல் என்று அரண்மனை வைத்தியரான ஹக்கீம் ஒருவர் தண்ணீருக்குள் விட்டு இழுக்கச் சொன்னாராம். அங்கிருந்து நவாபுகள் வழியாக ஆற்காட்டுக்கு வந்தது. ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்காரனுக்கு. விருந்துக்குப் போகிற துரை ஒவ்வொருவரும் சொந்த உக்காவோடும் அதற்கென்று ஓர் ஆளோடும் போவாராம். ஒருத்தர் குழாயை இன்னொருத்தர் தாண்டிவிட்டால் துப்பாக்கியை எடுக்கிற அளவுக்கு மானப் பிரச்சினை. அப்புறம் திருச்சிச் சுருட்டு வந்தது. ஆள் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குதிரை ஏறலாம். துரைகள் மாறிவிட்டார்கள். சின்னச் சமஸ்தானங்கள் மாறவில்லை. ஒரு நாகரிகம் எங்கே கடைசியாக வந்து சேருகிறதோ, அங்கேதான் கடைசிவரைக்கும் சம்பளம் வாங்கும்.

அவர் அதைப் பெருமைக்காகச் சொன்னவர் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு சாவுக்காக மணமேல்குடிக்குப் போய்விட்டு வந்தவர், ஒரு வாரம் பித்துப் பிடித்தவர் மாதிரி இருந்தார். அங்கே கப்பலில் பாரசீகப் பக்கமெல்லாம் போய்வந்த கிழவர் ஒருவர், தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றி மூங்கில் குழலைச் செருகிப் புகைத்துக்கொண்டிருந்தாராம். அந்தத் தேசத்தில் உக்காவுக்குப் பெயரே தேங்காய்தான் என்றும் சொன்னாராம்.

"தர்பார் சாமான்னு இம்புட்டு நாளாச் சொல்லிக்கிட்டு இருந்தேங்க" என்று என்னிடம் வந்து சொன்னார். "அப்படி இல்லீங்க. செரட்டைங்க. நம்ம செரட்டைதான் அங்கிட்டுப் போயி, வெள்ளிப் பூண் போட்டுக்கிட்டு இங்கிட்டு வந்திருக்கு."

"இதை வெளியே சொல்லாதீங்க. வேலை போயிடும்" என்றேன், விளையாட்டாக.

அவர் சமையற்கட்டிலிருந்து வாசல் சேவகன் வரைக்கும் எல்லோரிடமும் சொன்னார்.

மாளிகைக்குப் பின்னால் அவருக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். உத்தியோகத்தோடு ஒட்டிய இருப்பிடம். உத்தியோகம் போனால் இருப்பிடமும் போகும். விதி அது. அந்த அறையில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்தம்மாவுக்கு அம்மை போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டது, கல்யாணமான மறு வருஷம். பிள்ளை இல்லை. ஆனால் புதிதாகப் பார்க்கிற எவரும் கண் தெரியாதவர் என்று சொல்ல மாட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அதே இடம். வாசற்படியிலிருந்து கிணறு எத்தனை எட்டு, அடுப்பிலிருந்து பானை எந்தப் பக்கம், கொல்லைக் கதவில் ஆணி எங்கே துருத்திக்கொண்டிருக்கிறது, எல்லாம் காலுக்கும் கைக்கும் மனப்பாடம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடப்பார். அந்த அறையும் கொல்லையும்தான் அவருடைய கண். வேறு எங்கே கொண்டுபோய் விட்டாலும் அவர் குருடி.

நாடு விடுதலையானதற்கு அடுத்த வருஷம் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. சிப்பந்திகள் எல்லோருடைய பட்டியலும் கேட்டார்கள். ஆபீஸ் சம்பந்தப்பட்ட உத்தியோகங்கள் தொடரும், அரண்மனைச் சம்பிரதாய உத்தியோகங்கள் ஒழிக்கப்படும் என்று உத்தரவு. எங்கள் மாளிகைப் பட்டியலைத் தயார் செய்கிற வேலை எனக்கு வந்தது. விதிகள் எனக்கு அத்துபடி என்று பெயர். அந்தப் பெயரை நானே பரப்பியிருந்தேன்.

பழைய பதிவேட்டை எடுத்தேன். எனக்கு முன்னால் இருந்த குமாஸ்தா மை மிச்சம் பிடிக்கிறவர். எதையும் முழுதாக எழுத மாட்டார். உக்காக்காரரின் உத்தியோகத்தை 'உக். ப.' என்று எழுதியிருந்தார். உக்காப் பணியாள். அதற்கு அடுத்த வரியிலும் 'உக். ப.' அது உக்கிராணப் பணியாள். பாத்திரபண்டம், விரிப்பு, விளக்கு எல்லாம் இருக்கிற சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறவர். அந்த மனிதர் செத்து இரண்டு வருஷமாகியிருந்தது. அந்த இடத்தை நிரப்பவே இல்லை. சாமான் அறைச் சாவி சூப்பரின்டெண்டின் அரைஞாணில் தொங்கியது. அவரும் ஓய்வுபெற்று ஊரைவிட்டே போய்விட்டார்.

உக்கா என்று விரித்து எழுதினால் உத்தியோகம் ஒழியும். உக்கிராணம் என்று எழுதினால் தொடரும். இரண்டுக்கும் பதிவேட்டில் இருக்கிற எழுத்து ஒன்றேதான். இதைவிட வசதியான பொய் ஒரு குமாஸ்தாவுக்குக் கிடைக்காது. எழுதிவிட்டேன். ஆரம்பத்திலிருந்தே அவர் உக்கிராணப் பணியாள்தான் என்று சேவைக்காலமும் போட்டேன். சம்பந்தப்பட்டவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் படித்தார்.

"அப்படி இல்லீங்களே."

"தெரியும். போடுங்க கையெழுத்தை."

"நான் உக்காங்க. உக்கிராணம் செத்துப்போனாருங்க."

"ஓர் எழுத்து வித்தியாசம். யாரு பார்க்கப்போறா?"

அவர் விரலை மடக்கி எண்ணினார். "மூணு எழுத்துங்க. அதுல மூணு, இதுல ஆறு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உக்கான்னு எழுதுனா அடுத்த மாசம் அந்த அறையைக் காலி பண்ணணும். கண்ணு தெரியாதவங்களைக் கூட்டிக்கிட்டு எங்கிட்டுப் போவீங்க? ஒங்க மூணு எழுத்துக்குள்ளயா குடியிருப்பீங்க?"

அவர் காகிதத்தை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் வந்தார். கண் சிவந்திருந்தது.

"அவகிட்டச் சொன்னேங்க. 'கிணத்தடியிலேருந்து நானா நடந்து வர்ற எடம் ஒலகத்துல இது ஒண்ணுதான், நீங்க செய்யுறதைச் செய்யுங்க'ன்னுட்டா."

கையெழுத்துப் போட்டார். நான் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் மை ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினேன்.

உத்தியோகம் தொடர்ந்தது. ஆள் தொடரவில்லை. பட்டியலில் உக்காவுக்குப் பொறுப்பாளர் என்று எவரும் இல்லாததால் அதை உடைந்த நாற்காலிகளோடு சேர்த்து ஏலம் போட்டார்கள். குடுவையை ஒரு வக்கீல் வீட்டில் பூச்சாடியாக வைத்திருப்பதாகப் பேச்சு வந்தது. அவர் காதில் விழும்படி அதைச் சொன்னார்கள். அவர் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வாசல் சேவகனுக்கு அவரைச் சீண்டாமல் பொழுது போகாது. "ஏன் அண்ணே, திருச்சிச் சுருட்டைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் உக்காவே செஞ்சானாமே?" என்றான் ஒரு நாள், வேண்டுமென்றே.

நான் காத்திருந்தேன். சேவகனும் காத்திருந்தான்.

"இருக்கும்யா" என்றார் அவர்.

சேவகனுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கப்புறம் அவன் அவரைச் சீண்டவில்லை.

நான்கைந்து மாதம் போயிருக்கும். சாமான் அறையைப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கப் புதிய அதிகாரி ஒருவர் வந்தார். சின்ன வயசு. மரியாதையானவர். பட்டியலில் இருந்த வெள்ளித் தட்டுகளும் இரண்டு ரத்தினக் கம்பளங்களும் அறையில் இல்லை. எப்போது போயின, சாவி யாருடைய அரைஞாணில் தொங்கியபோது போயின என்பதெல்லாம் மாளிகையில் எல்லோருக்கும் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது. காகிதத்தில் ஆரம்பத்திலிருந்து உக்கிராணம் ஒரே ஆளின் பொறுப்பு. கீழே அவர் கையெழுத்து. பட்டியலைத் தயாரித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

விசாரணையில் வாக்குமூலம் எழுதிக்கொள்ள என்னையே உட்கார வைத்தார்கள். அதற்கும் நான்தான் கெட்டிக்காரன்.

அதிகாரி கேட்டார்: "உக்கிராணம் எப்போலேருந்து உங்க பொறுப்பு?"

உக்காக்காரர் என்னைப் பார்த்தார். நான் மைக்கூட்டைப் பார்த்தேன். அவர் நிஜத்தைச் சொன்னால், பொய்ப் பட்டியல் கொடுத்த குமாஸ்தா அன்றைக்கே வெளியே. மேலே வழக்கும் வரும். அவருக்கு அது தெரியும். அவர் வாயைப் பன்னிரண்டு வருஷமாக எனக்கும் தெரியும். எந்த நொடியும் அந்த இரண்டு வார்த்தையை எதிர்பார்த்து, பேனாவைப் பிடித்திருந்த என் விரல் வெளுத்துப்போயிருந்தது.

"ஆரம்பத்துலேருந்துங்க" என்றார்.

எழுதினேன்.

"தட்டெல்லாம் எங்கே?"

"தெரியலீங்க."

"யார் எடுத்தாங்கன்னு சந்தேகமாவது உண்டா?"

"இல்லீங்க."

அதையும் எழுதினேன். திருத்தம் அடித்தல் இல்லாத, சுத்தமான வாக்குமூலம். அதிகாரி அதைப் பாராட்டினார்.

வெளியே வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்து, "ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். கேட்கிற தைரியம் எப்படி வந்தது என்று இப்போது தெரியவில்லை. வேலை தப்பியதும் வருகிற தைரியமாக இருக்கும்.

"ஒங்களுக்குச் சின்னப் புள்ளைங்க இருக்குதுங்களே" என்றார். "எங்களுக்கு அவளும் நானும்தானே."

விதி தெரிந்தவன் நான். ஆகையால் இதையும் சொல்லிவிட வேண்டும். சுருக்கெழுத்தை விரித்து எழுதும்போது ஏற்பட்ட பிழையை, எழுதிய குமாஸ்தாவே முன்வந்து தெரிவிக்க வழி உண்டு. நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழை என்றால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். அரைத்தாள் போதும். திருத்தினால் அவருடைய உத்தியோகமும் அறையும் அப்போதும் போகத்தான் போகும். ஆனால் திருடன் என்ற பெயர் போய்விடும். அந்த அரைத்தாளை எழுதி மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். அந்த மாதம்தான் எனக்கு ஹெட்கிளார்க் பதவிக்குப் பெயர் போயிருந்தது. 'நல்லெண்ணம்' என்ற வார்த்தையை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தினமும் யோசித்தேன். அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதே, கவனக்குறைவாலோ கையாடலாலோ அரசுப் பொருளை இழந்ததற்காக அவரை வேலையிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. அதன் நகலை அவரிடம் சேர்ப்பித்து ஒப்பம் வாங்கியதும் நான்தான். ஹெட்கிளார்க் ஆனேன். அதற்கும் மேலே போனேன். நல்லபடியாக ஓய்வும் பெற்றேன்.

அவர்கள் அறையைக் காலி செய்த காலையில், சாவியை வாங்கிக்கொண்டு 'நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது' என்று குறித்துக்கொள்ள ஓர் ஆள் போக வேண்டும். போனேன். அறையைக் கழுவிவிட்டிருந்தார்கள். அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டு நடுவே, அந்தம்மாவின் தம்பி வீட்டுக்குப் போகிறார்களாம்.

அந்தம்மா கொல்லையில் நின்று முருங்கை மரத்தில் தொரட்டி போட்டுக்கொண்டிருந்தார். எந்தக் கிளை எங்கே என்று தடவவே இல்லை. நேரே கொண்டுபோய் மாட்டி இழுத்தார். காய் விழுந்த சத்தத்தை வைத்து, குனிந்து, ஒவ்வொன்றாக எடுத்தார். நாரில் கட்டி என் குரல் இருந்த பக்கம் நீட்டினார்.

"இவுக எல்லாம் சொன்னாக தம்பி. நீங்க பாடுபட்டதாலதான் இத்தனை மாசமாவது இங்க இருந்தமாம். எங்களால ஆனது இதுதான். புள்ளைங்களுக்குச் சமைச்சுக் குடுங்க."

நான் உக்காக்காரரைப் பார்த்தேன். அவர் மூட்டை முடிச்சை இன்னொரு தரம் இறுக்கிக்கொண்டிருந்தார்.

வாங்கிக்கொண்டேன்.

கொல்லைக் கதவு வரைக்கும் அந்தம்மா முன்னால் நடந்தார், வழக்கம்போல விறுவிறுவென்று. கதவைத் தாண்டிய மூன்றாவது எட்டில் நின்றுவிட்டார். சுவரைத் தேடிக் கை நீண்டது. அங்கே சுவர் இல்லை. கை காற்றில் அப்படியே இருந்தது. உக்காக்காரர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கந்தர்வக்கோட்டைச் சாலையில் இரண்டு பேரும் அடிமேல் அடி வைத்துப் போனார்கள். பிறகு என்ன ஆனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் முருங்கைக்காய்க் குழம்பு. காய் நல்ல இளசு என்றாள் என் மனைவி. நான் இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.